வெள்ளகோவில்காரனின் நான்கு அழைப்புகள்

பீளமேட்டில் இருந்த அந்த மோட்டார் பம்ப் கம்பெனிக்கு வெளியிலிருந்து யார் பேசினாலும் முதலில் கேட்கும் குரல் ராமாமணியுடையது. 1996ஆம் ஆண்டோடு அவர் அங்கே டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து பதினேழு வருடம் ஆகியிருந்தது. வரவேற்பறைக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள், எதிரே பொத்தான் பலகையும் காதில் மாட்டிய கருவியுமாக, எட்டரையிலிருந்து ஐந்தரை வரை உட்கார்ந்திருப்பார். பிறந்தது தாராபுரம். வீட்டில் தெலுங்கு, வெளியில் கொங்குத் தமிழ். கணவர் சீனிவாசலு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். முந்தைய வருடம் மில்லை மூடியதிலிருந்து வீட்டில் இருந்தார். அந்த வீடு ராமாமணியின் வேலையை நம்பி நடந்தது.

தன்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பார் ராமாமணி. பெரும்பாலும் அது உண்மைதான். வேலையை ஒழுங்காகச் செய்தார். அந்தப் பலகையில் உட்கார்ந்திருப்பவர் நினைத்தால் யாருடைய பேச்சையும் கேட்கலாம், அவர் கேட்டதில்லை. இதை நல்ல குணம் என்பதா, வெறும் பழக்கம் என்பதா என்று தீர்மானிப்பது கடினம். சோதிக்கப்படாத வரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வரைபடப் பிரிவில் பென்சிலால் வரைந்த பம்ப் பாகங்கள் எல்லாம் இப்போது திரையில் வரையப்பட்டன. கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பாளர் அப்துல் முத்தலிப், கோட்டைமேட்டுக்காரர், முப்பது வயது நெருங்குகிறவர். சென்னைக் கிளைக்கு வரைபடம் வேண்டுமென்றால் அங்கிருந்து ஒரு டெலிபோன் எண்ணுக்கு அழைப்பார்கள். அந்த எண்ணில் மனிதர் யாரும் எடுக்க மாட்டார்கள். மோடம் என்ற சிறு பெட்டி எடுக்கும்; சரியான பெயரும் ரகசியச் சொல்லும் கொடுத்தால் கம்ப்யூட்டரைத் திறந்துவிடும். அந்த எண்ணைக் கம்பெனியின் டெலிபோன் புத்தகத்தில் போடவில்லை. இங்கே தெரிந்தவர் மூன்று பேர். அவர்களில் ஒருவர் ராமாமணி.

ஜூலையில் ஈரோட்டில் நடந்த ஒரு கண்காட்சியில் வேறொரு கம்பெனி புதிய நீர்மூழ்கி பம்ப் ஒன்றை வைத்திருந்தது. நிர்வாக மேனேஜர் அப்புசாமி அதில் ஒன்றை வாங்கிவந்து பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்த சுழல்தட்டு தங்கள் கம்பெனி இன்னும் சந்தைக்கே கொண்டுவராத தட்டு. அது மட்டுமல்ல, அதில் ஒரு துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. ஏப்ரலில் கம்ப்யூட்டர் வரைபடத்தில் அதே துளை அதே அளவு தள்ளித்தான் இருந்தது. பதினோரு நாள் கழித்து வரைபடப் பிரிவின் மூத்தவர் சுப்பையன் அதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார். ஆகவே திருட்டு அந்தப் பதினோரு நாளுக்குள் நடந்திருக்கிறது. தவறையும் சேர்த்து எடுத்துப் போயிருக்கிறார்கள்.

சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியின் ஆள் வந்து, இயந்திரம் தானாக எழுதிவைத்திருந்த பதிவைப் பார்த்தார். இரண்டு வெள்ளிக்கிழமைகளில், மதியம் ஒன்றே கால் மணிக்கு, வெளியிலிருந்து டெலிபோன் வழியாக ஒருவர் உள்ளே வந்திருக்கிறார். கொடுத்த பெயரும் ரகசியச் சொல்லும் முத்தலிப்புடையவை. வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் முத்தலிப் கம்பெனியில் இருக்க மாட்டார், ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். தொழுகையில் அவரோடு நூறு பேர் இருந்திருப்பார்கள். ஆனால் அப்புசாமி அதை வேறு மாதிரி பார்த்தார். தான் இல்லாத நேரமாகப் பார்த்து வேறொருவனிடம் சொல்லைக் கொடுத்துச் செய்யச் சொல்லியிருக்கலாம் அல்லவா? ரகசியச் சொல்லை யாரிடமாவது சொன்னாயா என்று முத்தலிப்பைக் கேட்டார்கள். இல்லை என்றார். அந்தப் பதில் அவரைச் சுற்றிக் கதவை அடைத்தது.

வெள்ளிக்கிழமை மாலை அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை போலீசில் புகார் என்று முடிவானது. கம்ப்யூட்டரின் ரகசியச் சொல்லை அப்புசாமி தானே மாற்றி, அவசரத்துக்காகச் சுப்பையனிடம் மட்டும் சொன்னார். சாப்பாட்டுக் கூடத்தில் சிலர் முத்தலிப்பின் பெயரைச் சொல்லாமல் "அவங்க ஆளுக" என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். முத்தலிப் போகும்போது கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று, "போய்ட்டு வாரேங்க்கா" என்றார். தினமும் சொல்வதுதான். ராமாமணி தலையாட்டினார். அந்த நேரத்தில்தான் ஒன்றே கால் மணி என்ற சொல் அவருக்குள் உறைத்தது. அந்த மணியை ஒருவனுக்குச் சொன்னது அவர்தான்.

கொங்கு நாட்டில் புதியவரோடு பேச்சு தொடங்கினால் அடுத்த கேள்வி ஊர். ஊரைச் சொன்னால் அந்த ஊரில் தெரிந்த ஒருவரின் பெயர் வரும். அவரை எதிராளிக்கும் தெரியுமென்றால் பிறகு அவரை யாரென்று விசாரிப்பது மரியாதையில்லை. விசாரித்து முடிந்துவிட்டது என்றுதான் பொருள். மார்ச் மாதம் ஒருவன் அழைத்து, "உங்க பேச்சு எங்க பக்கத்துப் பேச்சாட்டம் இருக்குதுங்களே அக்கா" என்றான். தாராபுரம் என்றார் ராமாமணி. தான் வெள்ளகோவில் என்றான். வெள்ளகோவிலில் அவருக்குத் தெரிந்த இரண்டு பேரை அவனும் தெரியுமென்றான். சென்னையில் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும், அங்கே யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் சொன்னான். மோடம் எண் எழுதிய தாளைத் தொலைத்துவிட்டேன், அதிகாரி திட்டுவார் என்றான். ராமாமணி எண்ணைச் சொன்னார்.

இரண்டாவது முறை, முத்தலிப் சாரைத் தொந்தரவு செய்யாமல் வேலை பார்க்க எந்த நேரம் நல்லது என்று கேட்டான். வெள்ளிக்கிழமை ஒன்றே காலுக்கு அவர் இருக்க மாட்டார், இரண்டரைக்குத்தான் வருவார் என்றார். மூன்றாவது முறை நன்றி சொல்வதற்காகவே அழைத்தான். போகிற போக்கில், அந்த நேரத்தில் உள்ளே யார் இருப்பார்கள் என்றான். சுப்பையண்ணன் என்றார். நான்காவது முறை வேறு பேச்சே இல்லை. "சுப்பையண்ணனுக்குக் குடுங்கக்கா." கொடுத்தார்.

முத்தலிப்பை அனுப்பிய அன்று மாலை ராமாமணி சீனிவாசலுவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொன்னால் வேலை போகும், வீட்டில் இருப்பது அது ஒன்றுதான் என்று சீனிவாசலு தெலுங்கில் மெதுவாகச் சொன்னார். மேனேஜரிடம் போக வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ராமாமணி சாப்பிட்டு முடித்து, பழைய நோட்டு ஒன்றை எடுத்து அந்த நான்கு அழைப்புகளையும் நினைவிலிருந்து எழுதினார். அவன் சொன்னது ஒரு பக்கம், தான் சொன்னது மறுபக்கம்.

எழுதும்போதுதான் அவனுடைய முறை அவருக்குப் பிடிபட்டது. வேண்டியதை அவன் முதலில் கேட்டதேயில்லை. தன் சங்கடத்தைச் சொன்னான். அதற்கு உதவியாக அவரே கொடுத்தார். ஒவ்வொரு முறை வாங்கியதும் சின்ன விஷயம். அந்தச் சின்ன விஷயம் அடுத்தவரிடம் போகும்போது அவனுக்கு அடையாளச் சீட்டாக ஆனது. முத்தலிப்பின் பெயரையும், அவர் தொழுகைக்குப் போகும் நேரத்தையும் தெரிந்துவைத்திருப்பவனை வெளியாள் என்று சுப்பையன் எப்படி நினைப்பார்?

சனிக்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னார். அப்புசாமி நோட்டை இரண்டு முறை படித்தார். பிறகு, எண்ணையும் நேரத்தையும் நீங்கள் சொன்னது குற்றம்தான், ஆனால் ரகசியச் சொல் உங்களுக்கே தெரியாதே, அது முத்தலிப்பிடமிருந்துதானே போயிருக்க வேண்டும் என்றார். சுப்பையனைக் கூப்பிட்டார்கள். அப்படி யாரும் தன்னிடம் பேசவில்லை என்றார் சுப்பையன். சொல்லும்போது மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடம் அங்கே வேலை செய்தவர், பொய் சொல்லிப் பழகாதவர். இதை ராமாமணி பார்த்தார். அப்புசாமி பார்த்தாரா என்று தெரியவில்லை.

"பாத்தீங்களா அம்மணி" என்றார் அப்புசாமி. "போன்ல ஒருத்தன் கேட்டானாம், இவங்க ஆளாளுக்குத் தூக்கிக் குடுத்தாங்களாம். இத நான் மொதலாளிகிட்டச் சொன்னா என்னையத்தான் சிரிப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை ராமாமணி கோட்டைமேட்டுக்குப் போனார். முத்தலிப்பின் மனைவி ரம்ஷா தேநீர் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றார். ரகசியச் சொல் சுப்பையனுக்குத் தெரியுமா என்று ராமாமணி நேராகவே கேட்டார். வெள்ளிக்கிழமைகளில் முத்தலிப் இல்லாத நேரத்திலும் வரைபடங்கள் அச்சாகி வருவதை அவர் கவனித்திருந்தார். யாரோ கம்ப்யூட்டரைத் திறக்காமல் அது நடக்காது.

 "அவரு ரிட்டையராக இன்னும் மூணு வருசந்தான்க்கா இருக்குது" என்றார் முத்தலிப்.

"உனக்கு முப்பது வருசம் இருக்குதே தம்பி."

"எனக்கு வேற எடம் கெடைக்கும். அவருக்குக் கெடைக்காது. விடுங்க."

"திருட்டுப் பேரோட எந்த எடம் குடுப்பாங்க?" என்று ரம்ஷா கதவோரத்திலிருந்து கேட்டார். 

ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். கொடுப்பவரும் அதே தவறைச் செய்தவர். இந்த இடத்தில் எது சரி என்று சொல்ல எளிய வழி இல்லை. ராமாமணி அதிகம் யோசித்ததாகவும் தெரியவில்லை. திங்கட்கிழமை புகார் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து, ஐந்தாவது அழைப்பை எழுதினார். அந்த வெள்ளகோவில்காரன் சுப்பையனிடம் எப்படிப் பேசியிருப்பான் என்று அவனாக இருந்து எழுதினார். தன் குரல் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். பேச வேண்டியவர் சீனிவாசலு.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அப்புசாமியிடம் ஒரு மணி நேரம் கேட்டார். பலகையில் இரண்டாவது காதுக்கருவியைச் செருகி அவரிடம் நீட்டினார். தானும் ஒன்றை மாட்டிக்கொண்டார். பதினேழு வருடத்தில் முதல்முறையாக மற்றவர் பேச்சைக் கேட்க அவர் அந்தப் பொத்தானை அழுத்தினார். சீனிவாசலு ஹோப் காலேஜ் அருகே ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து அழைத்தார்.

"சுப்பையண்ணனுங்களா? சென்னைக் கம்ப்யூட்டர் ஆபீசுல இருந்துங்க. நமக்குக் காங்கேயம் பக்கமுங்க."

"காங்கேயத்துல எங்கீங்க?" என்றார் சுப்பையன். குரலில் ஒரு தெளிவு வந்தது.

சீனிவாசலு ஒரு தெருவைச் சொன்னார். அங்கே தன் தங்கையைக் கொடுத்திருப்பதாகச் சுப்பையன் சொன்னார். எழுதிக் கொடுத்தபடியே சீனிவாசலு பேசினார்: திருட்டுப் போன விஷயமாகக் கம்ப்யூட்டரைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள், முத்தலிப் சார் இல்லாததால் திறக்க முடியவில்லை, அதிகாரி பக்கத்திலேயே நிற்கிறார். சுப்பையன் தயங்கினார். சொல்லைப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள், யாருக்கும் சொல்லக் கூடாதென்று மேனேஜர் உத்தரவு என்றார். அப்புசாமி ராமாமணியைப் பார்த்தார். பார்வையில் வெற்றி இருந்தது.

அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று ராமாமணி எழுதியிருந்தார்: பரவாயில்லை, பிறகு அழைக்கிறேன் என்று விலகிக்கொள்ள வேண்டும், அப்போது அவராகவே கொடுப்பார். சீனிவாசலு அதைச் சொல்லவில்லை. 

"அண்ணா, நான் மில்லுல இருந்தவனுங்க" என்றார். "மில்ல மூடிப்போட்டாங்க. ஒரு வருசமா ஊட்ல சும்மா உக்காந்திருந்தேன். எங்கூட்டுக்காரி வேலைக்குப் போயி வந்து சோறு போடறா. மொகத்தப் பாத்து ஒரு வார்த்த சொன்னதில்லீங்க அவ. அதான் தாங்க மாட்டேங்குது. இதுவும் கைய உட்டுப் போச்சுன்னா..."

அதற்கு மேல் அழுகைதான் கேட்டது. ராமாமணி பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுவாதீங்க தம்பி" என்றார் சுப்பையன். "எழுதிக்கங்க. போன தடவை உங்க ஆளு கேட்டப்பவும் சொன்னேனுங்க. முத்தலிப் தம்பி நம்பிக் குடுத்த சொல்லு அது. இப்ப அந்தப் பையனப் போட்டுப் பாடாப் படுத்தறாங்க, வாயத் தொறக்க முடியாம உக்காந்திருக்கறேன்." பிறகு புதிய சொல்லை எழுத்தெழுத்தாகச் சொன்னார். அது அப்புசாமியின் குலதெய்வத்தின் பெயர். அதைக் கண்டுபிடிக்க ஒரு கெட்டிக்காரனுக்கு டெலிபோன் கூடத் தேவைப்பட்டிருக்காது.

அப்புசாமி காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். நேராக முதலாளி அறைக்குப் போனார்.

முத்தலிப் மறுநாள் வேலைக்கு வந்தார். ராமாமணிக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது, வேலை போகவில்லை. சுப்பையனை வரைபடப் பிரிவிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். திருகாணிகளும் வாஷர்களும் எண்ணிக் கொடுக்கும் இடம் அது. சுழல்தட்டில் இரண்டு மில்லிமீட்டரைக் கண்ணால் பிடித்தவருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளகோவில்காரனை யாரென்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் வெள்ளகோவில்தானா என்பதும் தெரியாது.

அவன் வந்த வழியை அடைக்கும் வேலையை முதலாளி முத்தலிப்புக்கும் ராமாமணிக்கும் கொடுத்தார். ராமாமணியின் நோட்டை நடுவில் வைத்து ஒவ்வொரு அழைப்புக்கும் எதிராக ஒன்று செய்தார்கள். மோடம் எண் மாறியது. சென்னையிலிருந்து முன்கூட்டிச் சொன்னால் மட்டுமே அந்தப் பெட்டி உயிரோடு இருக்கும். யார் எப்போது சீட்டில் இருப்பார்கள் என்று வெளியாருக்குச் சொல்லக் கூடாது. ஒவ்வொருவருக்கும் தனிச் சொல், பகிரக் கூடாது. கடைசியாக முத்தலிப் ஒன்று சொன்னார்: மாதம் ஒரு முறை அவனைப் போலவே நாமும் உள்ளே வர முயன்று பார்க்க வேண்டும். இந்த முறை பேச ஒப்புக்கொண்டவர் ரம்ஷா. சீனிவாசலுவிடம் ராமாமணி திரும்பக் கேட்கவில்லை. அந்த அழைப்பைப் பற்றி இருவரும் வீட்டில் பேசிக்கொள்ளவுமில்லை.

முதல் மாதம் ரம்ஷா பத்துப் பேரை அழைத்தார். நான்கு பேர் கேட்டதைக் கொடுத்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் அந்த நால்வரும் ராமாமணியோடு பேச்சை நிறுத்தினார்கள். மற்றவர்கள் கேலியாக, "அம்மணி, இது நெசப் போனுங்களா, பரீட்சைப் போனுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் இணைப்பை எடுத்தார்கள். உத்தரவுத் தாள் சுவரில் தொங்கியது. எல்லாரும் படித்திருந்தார்கள். இருந்தும் நான்கு பேர். ராமாமணி அதை நோட்டில் எழுதிப் பார்த்தார். காரணம் பிடிபடவில்லை. கடைசியில் ஸ்டோர்ஸுக்குப் போனார்.

சுப்பையன் அவரைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். "வாங்க அம்மணி. இந்தத் தடவை நேராவே வந்துட்டீங்க" என்றார். ராமாமணி நின்றுகொண்டே இருந்தார்.

"அன்னிக்குப் பேசுனது உங்க ஊட்டுக்காரருன்னு மேனேஜர் சொன்னாரு. மில்லு மூடுனது நெசமுங்களா?"

"நெசந்தானுங்ண்ணா. நான் எழுதிக் குடுத்ததுல அது இல்லீங்க."

சுப்பையன் தலையசைத்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

உங்களிடம் என்ன சொல்லியிருந்தால் அன்று கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று ராமாமணி கேட்டார். சுப்பையன் ஒரு சீட்டுக்கு வாஷர் எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தார்.

"சொல்லாத, சொல்லாதன்னு மட்டுந்தான் சொன்னாங்க. ஒருத்தன் அந்தப் பக்கம் அழுதா நான் என்னத்தச் சொல்றதுன்னு யாரும் சொல்லலீங்களே. உன்ன நம்பலடான்னா சொல்ல முடியும்? நானே திருப்பிக் கூப்புடறேன், வெய்யிங்கன்னு சொல்லச் சொல்லியிருந்தா சொல்லியிருப்பேன். அது மரியாதக் கொறச்சலு இல்லையே."

"அவன் குடுக்கற நெம்பருக்குக் கூப்புட்டா அவனேதான் எடுப்பானுங்க."

"அப்ப நம்ம நோட்டுல இருக்கற நெம்பருக்குக் கூப்புடோணும்."

தாளின் அடியில் அந்த வரி சேர்ந்தது. யாரையும் மறுக்க வேண்டாம். நானே அழைக்கிறேன் என்று சொல்லி, நம் நோட்டில் உள்ள எண்ணுக்கு அழைக்கவும். அடுத்த மாதம் கொடுத்தவர் ஒருவர். அதற்கடுத்த மாதம் யாருமில்லை. இதை ஒரு சாதனை என்று சொல்ல முடியாது. தெரிந்த ஒரு வழி அடைபட்டது, அவ்வளவுதான். தெரியாத வழிகள் எத்தனை என்று அடைத்தவர்களுக்கும் தெரியாது.

ஸ்டோர்ஸுக்கு மட்டும் பரீட்சை அழைப்பு போகவில்லை. ராமாமணி பட்டியலில் அந்த எண்ணைத் தாண்டிப் போனார். திருடன் தாண்டிப் போக மாட்டான் என்று முத்தலிப் ஒருமுறை சொன்னார். ராமாமணி கேட்காததுபோல இருந்துவிட்டார். டிசம்பரில் சுப்பையனே தடுப்புக்கு வெளியே வந்து நின்றார்.

"எல்லாருக்கும் போன் வருதாமுங்க. ஸ்டோர்ஸுக்கு மட்டும் ஏனுங்க வர்றதில்லை?"

ராமாமணியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வருமுங்ண்ணா" என்றார்.

அடுத்த வாரம் ரம்ஷா அழைத்து, சென்னைக் கம்ப்யூட்டர் ஆபீஸ் என்று சொல்லி ஸ்டோர்ஸ் கேட்டார். ராமாமணி கொடுத்தார். கொஞ்ச நேரம் போனது. ஊர் விசாரிப்பதற்கு எடுக்கும் நேரம். பிறகு அந்த விளக்கு அணைந்து, ஸ்டோர்ஸிலிருந்து உள்ளழைப்பு விளக்கு எரிந்தது.

"அம்மணி, சென்னைக் கம்ப்யூட்டர் ஆபீசுக்கு ஒரு லைன் குடுங்க. நம்ம நோட்டுல இருக்கற நெம்பருக்கு" என்றார் சுப்பையன். "அந்தப் புள்ளைக்கு என்ன கஷ்டமோ, கேட்டுப்போட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கறேன்."

ராமாமணி எண்ணைப் பார்த்து அழுத்தினார்.